கள்ளுக்கடையைத் திறக்கலாம், முதல்ல மரத்தை எண்ணுங்க

பாண்டி ட்ரிப் போகாத பேட்ச் நம்ம காலேஜ்ல ஒண்ணு கூட இருக்காது. விழுப்புரத்துல இருந்து பஸ்ல போனா மதகடிப்பட்டு வந்ததும் ரோட்டோர போர்டுகள் மாறும், பஸ்ஸுக்குள்ள சத்தமும் கொஞ்சம் கூடும். நாம எல்லாரும் அங்க பார்க்கிறது பார்களை. அடுத்த தடவை போகும்போது அதுக்குப் பின்னாடி நிக்கிற பனைமரங்களையும் பாருங்க. எல்லைக்கு இந்தப் பக்கம் நிக்கிற அதே மரம்தான் அங்கேயும் நிக்குது. புதுச்சேரியில அந்த மரத்துல இறக்கின கள்ளை, அரசாங்கம் ஏலம் விட்ட கடையில உட்கார்ந்து குடிக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் இறக்கினா போலீஸ் கலயத்தை உடைக்கும், இறக்கினவர் மேல கேஸ் போடும்.

எங்க கெடார் பக்கம், காணை, விக்கிரவாண்டின்னு ஏரிக்கரை, வரப்பு எங்க பார்த்தாலும் பனைதான். அந்த மரத்துல ஏறுற குடும்பங்களும் இன்னும் இருக்கு. "கள்ளுக்கடையைத் திரும்பத் திறக்கணும்"ங்கிற குரல் இப்போ ரொம்ப சத்தமா கேட்கிறது இங்கிருந்துதான். 2025 ஜனவரியில விக்கிரவாண்டிக்குப் பக்கத்துல பூரிகுடிசையில கள் விடுதலை மாநாடு நடந்துச்சு, சீமான் வந்து கள் குடிச்சது எல்லா சேனல்லயும் ஓடுச்சு. அதே வருஷம் ஜூன்ல தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில அவரே பனை ஏறி கள் இறக்கினார். ரீல்ஸ்ல நீங்களும் பார்த்திருப்பீங்க.

நான் சொல்ல வர்றது இதுதான்: கள்ளுக்கடையைத் திறக்கலாம். ஆனா தடையை எடுத்துட்டு, லைசென்ஸை ஏலம் விட்டு, கீத்துக் கொட்டகை போட்டுக் கொடுத்தா அது திரும்ப வந்த கள்ளுக்கடை ஆகாது. கூரை மாத்தின டாஸ்மாக்தான் ஆகும். மரத்துக்கும் கடைக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைக் குறைச்சு, அந்த மரங்கள் கொடுக்கிற அளவுக்கு மேல ஒரு லிட்டர் கூட விக்க முடியாதபடி பண்ணினாதான் அதுக்கு அர்த்தம் இருக்கு. ஏன்னு சொல்றேன்.

சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா கேஸ்

முதல்ல கெமிஸ்ட்ரி. பாளையைச் சீவினதும் சொட்டுற சாறு இனிப்பா இருக்கும். பத்து சதவீதத்துக்கு மேல சர்க்கரை, அதுல பெரும்பகுதி சுக்ரோஸ். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா காரத்தன்மை கூடி, நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. சாறு அப்படியே இனிப்பா இறங்கும். அதுதான் பதநீர், சட்டப்படி ஓகே. சுண்ணாம்பு தடவலைன்னா காத்துல, கலயத்துல, பாளையில இருக்கிற ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பிச்சிடும். யாரும் எதுவும் கலக்க வேண்டியதில்லை. மரத்துல தொங்கிட்டு இருக்கும்போதே ஃபெர்மென்டேஷன் நடக்கும். கீழ இறக்கும்போது அது கள்.

ஈஸ்ட் மட்டும் இல்ல, சைமோமோனாஸ் மொபிலிஸ்னு ஒரு பாக்டீரியாவும் இதுல இருக்கு. பயோடெக் டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க, எத்தனால் ஆராய்ச்சியில இதுக்குப் பெரிய மவுசு. லேக்டிக் அமில பாக்டீரியாக்களும் இருக்கும், புளிப்பு அதனாலதான். சில மணி நேரத்துல ஆல்கஹால் நாலு, அஞ்சு சதவீதத்துக்குப் போகும். அப்புறம் அசிட்டிக் அமிலம் கூடும். ஒரு நாள் தாண்டினா வாய்ல வைக்க முடியாது, காடி ஆயிடும்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியணும். ஒண்ணு, "கள் மதுவே இல்ல, வெறும் உணவு"ன்னு சொல்றதை நான் ஏத்துக்கல. தமிழ்நாடு கள் இயக்கத்தோட செ. நல்லசாமி பல வருஷமா இந்த வாதத்தை வெச்சுட்டு வர்றார். அதுல சத்து இருக்குங்கிறது சரி. ஆனா அஞ்சு சதவீத ஆல்கஹால்னா அது பீர் அளவு. நிறைய குடிச்சா போதை ஏறும், தினமும் குடிச்சா அடிமை ஆகலாம். உண்மையைச் சொல்லியே வாதாடலாம்.

ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். கள்ளுக்கு ஆயுசு ஒரு நாள். அதைக் குடோன்ல அடுக்கி வைக்க முடியாது, தீபாவளிக்கு ஸ்டாக் பண்ண முடியாது, சென்னைக்கு லாரியில அனுப்ப முடியாது. சீசன் ஏறக்குறைய தையில ஆரம்பிச்சு ஆடியோட முடிஞ்சிடும், மீதி மாசம் கடை காலி. ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறக்கூடிய மரமும் கொஞ்சம்தான், காலையிலயும் சாயங்காலமும் ஏறணும். எவ்வளவு விக்கலாம்னு ஒரு உச்ச வரம்பு இயற்கையிலேயே இருக்கு. விஸ்கிக்கு அது கிடையாது. ஸ்பிரிட் இருக்கிற வரைக்கும் பாட்டில் நிரப்பிக்கிட்டே போகலாம்.

பழைய கடை அவ்வளவு அழகா இருந்துச்சா?

கள்ளுக்கடைன்னதும் ஒரு நாஸ்டால்ஜியா வருது. நியாயம்தான், அது நேத்து வந்த சமாசாரம் இல்ல. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துல பறக்கிற கொடிகளைச் சொல்லும்போது கள்ளு விக்கிற கடையோட கொடியும் வருது. ஔவையார் அதியமானைப் பாடினதுலயும் கள் வருது. அதே சமயம் திருக்குறள்ல 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. ரெண்டாயிரம் வருஷமா நம்ம ஆளுங்க குடிச்சதும் நிஜம், வேண்டாம்னு சொன்னதும் நிஜம்.

ஆனா நாம "பாரம்பரியம்"னு நினைச்சுக்கிற கள்ளுக்கடையை அமைச்சது பெரும்பாலும் வெள்ளைக்காரன். 1886-ல வந்த சென்னை ஆப்காரி சட்டத்துக்குக் கீழ மரத்துக்கு ஒரு வரி, கடைக்கு ஒரு ஏலம். ஏலம் எடுத்தவர் போட்ட காசை எடுக்கணும், அதனால எவ்வளவு வித்தாலும் பத்தாது. ஏறுறவருக்குக் கூலி, ஏலக்காரருக்கு லாபம், சர்க்காருக்கு வருமானம். குடிக்கிறவன் வீட்டுல பட்டினி.

அதனாலதான் அதுக்கு எதிரா அவ்வளவு பெரிய போராட்டம் நடந்துச்சு. 1921-ல ஈரோட்டுல நடந்த கள்ளுக்கடை மறியல்ல பெரியாரோட மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னாடி நின்னாங்க. பெரியார் தன்னோட தோப்புல இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிப் போட்டார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1948-ல அது சென்னை மாகாணம் முழுக்க வந்துச்சு. இவங்க யாரும் கிராமத்துக் கலாசாரம் தெரியாம பண்ணல. அந்தக் கடைகள் வீடுகளை என்ன பண்ணுச்சுன்னு கண்ணால பார்த்துட்டுப் பண்ணினாங்க.

அப்புறம் நடந்தது ஸ்விட்ச் போட்டு அணைக்கிற கதை. 1971-ல கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்துச்சு, 1974-க்குள்ள திரும்ப மூடுச்சு. 1981-ல எம்.ஜி.ஆர். அரசு கள்ளையும் சாராயத்தையும் திறந்துச்சு. 1987 ஜனவரி 1-ல ரெண்டையும் மூடுச்சு. அன்னைக்கு மூடின கள்ளுக்கடைதான், இன்னும் திறக்கல. நம்மள்ல ஒருத்தர் கூட அப்போ பிறக்கல.

கவனிங்க, 1987-ல மூடினது கள்ளும் சாராயமும்தான். இங்கிலீஷ் சரக்கு மூடல. 1983-லயே டாஸ்மாக் மொத்த விற்பனைக்கு வந்தாச்சு. 2003 நவம்பர்ல சில்லறைக் கடைகளையும் அதே டாஸ்மாக் எடுத்துக்கிச்சு. இன்னைக்கு 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பாட்டிலை அரசாங்கமே விக்குது. வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல வருமானம். அஞ்சு சதவீதத்தை இறக்கினவர் மேல கேஸ்.

"விஸ்கி விக்கலாம், கள் விக்கக் கூடாதா?"ங்கிற கேள்வி மேடையில நல்லா கைதட்டு வாங்கும். எனக்கும் அது நியாயமான கேள்வின்னுதான் தோணுது. ஆனா அது மட்டும் போதாது. ஒரு கெட்டதைக் காட்டி இன்னொண்ணைத் திறக்கச் சொன்னா, நம்ம அம்மாக்கள் கேட்பாங்க, "ரெண்டையும் மூடேன்டா"ன்னு. அதுக்கு நம்மகிட்ட பதில் வேணும்.

நம்ம மாவட்டத்துல நடந்தது

2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம். விஷச் சாராயம் குடிச்சு விழுப்புரம் மாவட்டத்துல மட்டும் 14 பேர் இறந்தாங்க, செங்கல்பட்டு மாவட்டத்துல இன்னும் சிலர். அடுத்த வருஷம் 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம், 60 பேருக்கு மேல. 2019 வரைக்கும் கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டம்தான். பார்வை போனவங்க, டயாலிசிஸ்ல கிடந்தவங்க கணக்கு தனி.

ரெண்டு இடத்துலயும் கொன்னது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய கரைப்பான். உடம்புக்குள்ள போனா அது ஃபார்மால்டிஹைடா மாறும், அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாறும். முதல்ல பாதிக்கிறது கண் நரம்பு. பனைமரத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.

"கள்ளுக்கடை இருந்திருந்தா அவங்க செத்திருக்க மாட்டாங்க"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. நான் அவ்வளவு உறுதியா சொல்ல மாட்டேன். கள்ளச் சாராயம் குடிக்கிறவர் பெரும்பாலும் கூலி வேலைக்காரர், குவார்ட்டர் வாங்கக் காசு இல்லாதவர், உடம்பு வலிக்குச் சீக்கிரம் போதை வேணும்னு தேடுறவர். அவங்கள்ல சிலர் கள்ளுக்கு வந்திருக்கலாம், எல்லாரும் வந்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா இது மட்டும் சொல்லலாம்: ஏழைக்குக் கட்டுப்படியாகிற, எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்ச ஒரு பானத்தை நாம சட்டத்தால மூடி வெச்சிருக்கோம். அந்தக் காலி இடத்துக்குள்ளதான் கேன்ல மெத்தனால் வருது. கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் சென்னை உயர் நீதிமன்றமே கள் தடையை மறுபரிசீலனை பண்ணலாமேன்னு அரசாங்கத்தைக் கேட்டுச்சு.

திறந்த இடத்துல என்ன ஆச்சு?

சரி, திறந்தா என்ன ஆகும்? இதுக்குக் கற்பனை பண்ண வேண்டாம், பக்கத்து மாநிலங்களைப் பார்த்தா போதும்.

ஹைதராபாத்ல 2004-ல மூடின கள்ளுக்கடைகளை, தெலங்கானா உருவானதும் 2014-ல அரசு திரும்பத் திறந்துச்சு. கள் இறக்குற கௌட சமூகத்துக்குக் கொடுத்த வாக்குறுதி அது. நோக்கம் நல்லதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, அவ்வளவு பெரிய நகரத்துல கடைகளுக்குத் தேவையான மரம் எங்க இருக்கு? கூட்டம் இருக்கு, கடை இருக்கு, மரம் இல்ல. அந்த இடைவெளியை நிரப்பினது மாத்திரையும் பவுடரும். அல்பிரசோலம், டயஸெபாம் மாதிரி தூக்க மருந்துகளைத் தண்ணியில கலக்கிக் கள்ளுன்னு வித்தாங்க. 2025 ஜூலையில கூகட்பள்ளி பகுதியில கலப்படக் கள் குடிச்சுப் பலர் இறந்தாங்க.

கேரளாவுல கள்ளு ஷாப் இன்னைக்கும் ஓடுது. அங்க கப்பையும் மீன் கறியும் சாப்பிடவே குடும்பத்தோட போறாங்க. 1969-லயே கள் தொழிலாளர்களுக்கு நல நிதிச் சட்டம் போட்டாங்க. நாம கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. ஆனா அங்கேயும் 2010 செப்டம்பர்ல மலப்புறத்துல கள்ளுல மெத்தனால் கலந்து 20 பேருக்கு மேல செத்தாங்க. பாலக்காட்டுச் சித்தூர்ல இறக்குற கள் வண்டி ஏறித் தூரத்து மாவட்டங்களுக்கெல்லாம் போகுது. வழியில அது எவ்வளவு "வளருது"ங்கிறதுதான் அங்க பல வருஷமா ஓடுற பிரச்சினை.

ரெண்டு இடத்துலயும் தப்பு ஒரே இடத்துலதான். கள்ளு மரத்தை விட்டு ரொம்ப தூரம் போயிடுச்சு.

இதுக்கு மாறா ஒரு உதாரணம் யாழ்ப்பாணத்துல இருக்கு. அங்க கள்ளுக்கடைக்குப் பேர் தவறணை. ஒரு காலத்துல அங்கேயும் காசு இருக்கிறவங்க குத்தகைக்கு எடுத்து நடத்தினாங்க, மரம் ஏறுறவர் அவங்ககிட்ட கைகட்டி நின்னார். 1970-களோட தொடக்கத்துல பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்துச்சு. ஏறுறவங்களே உறுப்பினர்கள். இறக்கின கள்ளைச் சங்கத்துக்கு அளந்து கொடுப்பாங்க, சங்கமே தவறணையில விக்கும். போர், இடப்பெயர்வு, எரிஞ்ச பனைன்னு எல்லாத்தையும் தாண்டி அந்தச் சங்கங்கள் இன்னும் இருக்கு. எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்லல. ஆனா கடை யாருடையதுங்கிற கேள்விக்கு அவங்க ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க.

இங்கிலாந்துலயும் இதே கேள்வி வேற மாதிரி வந்துச்சு. அங்க கிராமத்துக்கு ஒரு பப் இருக்கும், குடிக்கிற இடம் மட்டும் இல்ல, ஊர்க்காரங்க கூடுற இடம். வியாபாரம் படுத்து ஒவ்வொண்ணா மூடிட்டே வந்தப்போ, கம்பிரியாவுல ஹெஸ்கெட் நியூமார்க்கெட்ங்கிற சின்ன ஊர்ல ஜனங்க பங்கு போட்டு 2003-ல ஓல்ட் கிரவுன் பப்பை வாங்கிட்டாங்க. பிரிட்டன்லயே கூட்டுறவுல ஓடின முதல் பப் அது. 2011-ல வந்த லோக்கலிசம் சட்டம் இன்னொரு வசதி கொடுத்துச்சு. ஊருக்கு முக்கியமான ஒரு கட்டடம்னு பட்டியல்ல சேர்த்துட்டா, ஓனர் அதை விக்க நினைக்கும்போது ஊர்க்காரங்க பணம் புரட்ட ஆறு மாசம் டைம் கிடைக்கும். குடிக்கிற கடைக்கு ஊர் ஓனரா இருந்தா, யாருக்கு எப்போ ஊத்துறதை நிறுத்தணும்னு ஊருக்குத் தெரியும். ஏலக்காரருக்கு அது தெரியவும் தெரியாது, தேவையும் இல்ல.

மாஸ் பேலன்ஸ் போடுவோம்

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். செகண்ட் இயர்ல எல்லாரும் திட்டிக்கிட்டே படிச்ச மாஸ் பேலன்ஸ் ஞாபகம் இருக்கா? உள்ள வர்றது, வெளிய போறது, உள்ள தங்குறது, மூணும் டேலி ஆகணும். கள்ளுக்கடைக்கு இதைவிட நல்ல சட்டம் கிடையாது. ஏன்னா கள் ஒரு நாளைக்கு மேல உள்ள தங்காது. அதனால வர்றதும் போறதும் அன்னன்னைக்கே டேலி ஆகணும்.

ஒரு உதாரணத்துக்கு, கெடார் சுத்துவட்டாரத்துல 20 பனையேறிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கு 15 மரம். மரத்துக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர்னு கணக்குப் போடுவோம், மரத்துக்கு மரம், மாசத்துக்கு மாசம் இது மாறும். மொத்தம் 900 லிட்டர். அப்போ அந்தச் சங்கத்துக் கடையில அன்னைக்கு 900 லிட்டருக்கு மேல வித்திருக்கவே முடியாது. 1,500 லிட்டர் வித்ததா கணக்கு காட்டினா, 600 லிட்டர் பைப்புல இருந்து வந்திருக்குன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

இதை வெச்சு நான் கேக்கிறது இவ்வளவுதான்:

ஒண்ணு, ஏலம் கூடாது. கடை பனையேறிகளோட கூட்டுறவுச் சங்கத்துக்கு மட்டும். தனி ஆளுக்கோ கம்பெனிக்கோ லைசென்ஸ் கிடையாது.

ரெண்டு, மரத்துக்கு நம்பர். ஒவ்வொரு மரமும் பதிவாகணும், எந்தச் சங்கம், யார் ஏறுறார்னு. பதிவான மரத்தோட எண்ணிக்கைதான் கடையோட விற்பனை வரம்பு. மரம் இல்லாத நகரத்துல கடையும் இல்ல. சென்னைவாசிகள் மன்னிக்கணும்.

மூணு, தூரம். இறக்கின இடத்துல இருந்து சில கிலோமீட்டருக்குள்ள, அன்னைக்கே வித்துடணும். பாட்டில்ல அடைச்சு அனுப்புற பேச்சே கூடாது. மிச்சமானா காடி போடட்டும்.

நாலு, டெஸ்ட். பி.ஹெச். மீட்டர், ஹைட்ரோமீட்டர், பிரிக்ஸ் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர், எல்லாம் நம்ம லேப்ல தூசி படிஞ்சு கிடக்கிற சாமான்தான். ராத்திரி எட்டு மணிக்கும் கள் இனிப்பா இருந்தா, பி.ஹெச். இறங்காம இருந்தா ஏதோ கலந்திருக்கு. தூக்க மருந்து கண்டுபிடிக்க இது போதாது, அதுக்கு மாதிரி எடுத்து முறையான லேபுக்கு அனுப்பணும்.

அஞ்சு, கள்ளுக்கடை திறக்கிற ஊர்ல டாஸ்மாக் இருந்தா அதை மூடணும். இது இல்லாம மத்த நாலும் இருந்தா எனக்கு இந்தத் திட்டமே வேண்டாம். கூடுதலா ஒரு கடை நம்ம எந்த ஊருக்கும் தேவையில்ல.

அம்மாக்களுக்கு என்ன பதில்?

"எந்தக் கடையில குடிச்சா என்ன, வீட்டுக்கு வர்றப்போ நிதானம் இல்லாமதானே வர்றான்" - இந்த வாதத்தைத் தாண்டித்தான் ஆகணும். உங்க ஃப்ரெண்ட்ஸ்ல எத்தனை பேர் செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மாவோட நகையை அடகு வெச்சிருப்பாங்க, அந்தப் பணத்துல அப்பா கை வெச்ச கதை எத்தனை பேருகிட்ட இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு இதெல்லாம் வெளிய வரும்.

கள்ளுக்கடை திறந்தா அந்த வீடுகள் சரியாயிடும்னு நான் சொல்லல. குடி அடிமைத்தனத்துக்கு வேணுங்கிறது சிகிச்சை, அதுக்கு மாவட்டத்துல படுக்கையும் டாக்டரும் வேணும். ஆனா ரெண்டு விஷயம் மாறலாம். 42.8 சதவீதத்துல இருந்து அஞ்சு சதவீதத்துக்கு வந்தா, அதே வயிறு கொள்ற அளவுக்கு உள்ள போற ஆல்கஹால் குறையும். இன்னொண்ணு, கடைக்காரர் ஊர்க்காரரா இருந்தா, "என் புருஷனுக்கு ஊத்தாதே"ன்னு போய்ச் சொல்ல ஒரு ஆள் இருக்கும். டாஸ்மாக் கம்பிக்குள்ள கைய நீட்டிக் காசு வாங்குற ஊழியர்கிட்ட அதைச் சொல்ல முடியுமா? அவருக்கு மேல டார்கெட் இருக்கு. அந்தச் சங்கத்து நிர்வாகக் குழுவுல பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு விதி போடுங்க, பனையேறி வீட்டுப் பெண்கள், கருப்பட்டி காய்ச்சுறவங்க. அப்புறம் பாருங்க கடை எத்தனை மணிக்கு மூடுதுன்னு.

இன்னொரு பக்கமும் இருக்கு, பனையேறி வீடு. கயித்தை இடுப்புல கட்டி, தளைநாரைக் கால்ல மாட்டி ஒரு நாளைக்கு ரெண்டு வேளை ஏறுறவர், வழுக்கினா அதோட முடிஞ்சது. பதநீர் இறக்கலாம்னு சட்டம் சொல்லுது, ஆனா அது வெயில் ஏறினா கெட்டுடும். கருப்பட்டி காய்ச்ச விறகு, நேரம், ஆள் எல்லாம் வேணும், காய்ச்சி எடுத்துட்டுப் போனா சந்தையில சர்க்கரை கலந்த கருப்பட்டி பாதி விலைக்கு நிக்கும். அதனால அவர் பையன் ஏற மாட்டேங்கிறான், அவரும் ஏறச் சொல்றதில்ல. ஏறாத மரத்தை வெச்சுட்டு என்ன பண்றதுன்னு செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துடுறாங்க. 2021 வேளாண் பட்ஜெட்ல 76 லட்சம் பனை விதை கொடுக்கிறோம், கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக் கூடாதுன்னு அறிவிச்சாங்க. நல்ல அறிவிப்பு. ஆனா பனை பலன் கொடுக்கப் பதினஞ்சு வருஷம் கூட ஆகும். அப்போ ஏறத் தெரிஞ்ச ஆள் இருப்பாரா? நம்ம மாநில மரத்துக்கு இதுதான் பெரிய கேள்வி. தடையை எடுக்கிறதுல இருக்கிற அவசரமும் அதுதான். கடைக்கு அப்புறம் கூட கொட்டகை போட்டுக்கலாம், ஏறுற கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டா திரும்ப வராது.

நீங்க என்ன பண்ணலாம்

குடிக்கச் சொல்லல. தமிழ்நாட்டுல சட்டப்படி குடிக்கிற வயசு 21, இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அது இன்னும் ஆகல. அது உங்க விஷயம்.

நான் கேக்கிறது வேற. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு யூட்யூப்ல இருந்து லைன் ஃபாலோயர் ரோபோ எடுக்கிறதுக்குப் பதிலா, மெக்கானிக்கல் ஆளுங்க பனை ஏறுறவர் விழாம இருக்க ஒரு பெல்ட்டையோ ஏறும் கருவியையோ அவரோட உட்கார்ந்து டிசைன் பண்ணுங்க. அவர் வேண்டாம்னு சொன்னா ஏன் வேண்டாம்னு கேட்டு எழுதி வைங்க. கெமிக்கல், பயோடெக் ஆளுங்க தூக்க மருந்து கலப்படத்தைக் கடையிலேயே காட்டுற விலை குறைஞ்ச ஸ்ட்ரிப் ஒண்ணு முயற்சி பண்ணுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்களுக்கு மரப் பதிவேடு இருக்கு: ஒரு போன், ஒரு ஜி.பி.எஸ்., ஒரு நம்பர் பிளேட்.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு சின்ன வேலை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்க ஏரிக்கரையில எத்தனை பனை நிக்குது, அதுல எத்தனை மரத்துல இன்னைக்கும் ஆள் ஏறுறாங்கன்னு எண்ணிட்டு வாங்க. ரெண்டு நம்பர்தான். கள்ளுக்கடை வேணும்னு சொல்றவங்களும் வேண்டாம்னு சொல்றவங்களும் அந்த ரெண்டு நம்பரை வெச்சுக்கிட்டுப் பேசலாம். பேசுறதை இந்த இதழுக்கே எழுதி அனுப்புங்க, எனக்கு எதிரா இருந்தாலும் சரி.